அமில மண்ணைத் தாங்கும் மரக்கறி இனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரக்கறி போட்ட நிலங்களில், மலையகத்தில் எந்தப் பக்கம் போனாலும் இதைப் பார்க்கலாம். போஞ்சி ஒழுங்காக முளைக்கும், மூன்று நான்கு இலை விடும், அதோடு நின்றுவிடும். யூரியா போட்டால் கொஞ்சம் பச்சை பிடிக்கும், ஆனால் கொடி கம்பில் ஏறாது. நாலு நாள் மழை இல்லாவிட்டால் வாடும். பக்கத்துப் பாத்தியில் உருளைக்கிழங்கு பரவாயில்லாமல் நிற்கும். விதை பழுது என்று ஒருவர் சொல்வார், வேரழுகல் என்று இன்னொருவர் சொல்வார், மருந்துக் கடையில் ஒரு போத்தலைக் கையில் கொடுப்பார்கள்.

காசைச் செலவழிக்க முதல், அந்தச் செடிகளில் ஒன்றைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி எடுங்கள். வாளித் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, இழுக்காமல் அலசிப் பாருங்கள். சுகமான போஞ்சி வேர் வெள்ளையாக நீண்டு, பக்கமெல்லாம் மெல்லிய கிளைவேர் விட்டு, தூக்கிப் பிடித்தால் கொத்தாகத் தொங்கும். அமில மண்ணில் அடிபட்ட வேர் வேறு மாதிரி. முதன்மை வேர் குட்டையாகத் தடித்திருக்கும். நுனி பழுப்பேறி, சில இடத்தில் வளைந்து, தொட்டால் முறியும். கிளைவேர்கள் வரப் பார்த்து, அரை சென்ரிமீற்றரில் முண்டு முண்டாக நின்றிருக்கும். நுண்வேர் என்று சொல்ல ஒன்றும் இராது. அழுகல் நோய் என்றால் வேர் மெதுமெதுவென்றாகித் தோல் உரிந்து வரும். இங்கே வேர் உறுதியாகத்தான் இருக்கிறது, வளரத்தான் இல்லை. இப்படி ஒரு வேரைக் கண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அலுமினிய நச்சு.

இந்த நச்சை ஓரளவு தாங்கும் மரக்கறி இனங்கள் உண்டு. எது தாங்கும், எது தாங்காது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, சோதித்துத்தான் சொல்லலாம். அந்தச் சோதனை எப்படி நடக்கிறது, அதன் அடிப்படை என்ன என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அலுமினியம் எங்கிருந்து வந்தது?

வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. பூமியின் மேலோட்டில் எடைப்படி ஏறக்குறைய 8 சதவீதம் அலுமினியம்தான். களிமண் கனிமங்களுக்குள் அது கட்டுண்டு கிடக்கிறது. மண்ணின் பீ.எச் 5.5க்கு மேல் இருக்கும்வரை அது பெரிதாகக் கரையாது, பயிரை ஒன்றும் செய்யாது. 5க்குக் கீழே இறங்கினால் கரைந்து மண்நீரில் கலந்துவிடும். பீ.எச் என்பது அமிலத்தன்மையை அளக்கும் எண். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், ஒவ்வொரு எண் இறங்கும்போதும் அமிலம் 10 மடங்கு கூடும். அதனால் 5.5க்கும் 4.5க்கும் இடையில் இருப்பது சின்ன வித்தியாசம் இல்லை.

மலையக மண் அமிலமானதற்கு முதல் காரணம் மழை. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. அவ்வளவு தண்ணீர் காலம் காலமாக மண்ணுக்குள் இறங்கும்போது கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். அந்த இடத்தை ஐதரசனும் அலுமினியமும் பிடிக்கும். அதற்கு மேல் தேயிலைக்குப் போட்ட அமோனியம் சல்பேட், யூரியா. அவற்றிலிருந்து வரும் அமோனியம் நைத்திரேற்றாக மாறும்போது அமிலம் வெளிவரும். 1867இல் லூல்கந்தூரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதல் வணிகத் தேயிலையை நட்டதிலிருந்து கணக்குப் பார்த்தால், சில மலைகள் ஒன்றரை நூற்றாண்டாகத் தேயிலைக்குக் கீழே இருந்தவை.

தேயிலைக்கு இதில் ஒரு தொந்தரவும் இல்லை. 4.5 முதல் 5.5 வரையான பீ.எச்தான் அதற்குப் பிடிக்கும். அலுமினியத்தை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் சேர்த்துவைத்துக்கொள்ளும், உலர்ந்த இலை ஒரு கிலோவில் பல ஆயிரம் மில்லிகிராம் வரை. நுவரெலியாவில் வீட்டு வாசல்களில் பூக்கும் ஹைட்ரேஞ்சாவும் அதே கூட்டம். அமில மண்ணிலுள்ள அலுமினியம் பூவுக்குள் போய்ச் சேர்வதால்தான் அது நீலமாகப் பூக்கிறது. சுண்ணாம்பு கலந்த மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். உங்கள் வாசலில் ஹைட்ரேஞ்சா கடும் நீலத்தில் நிற்கிறது என்றால், பக்கத்து மரக்கறிப் பாத்தியின் மண்ணைச் சோதிக்க அந்த ஒரு காரணமே போதும்.

எல்லா மரக்கறி நிலமும் இப்படி என்று நினைக்க வேண்டாம். பல வருடமாகக் கோழி எருவும் டி.எஸ்.பி என்ற பொசுபரசுப் பசளையும் வாங்கிய நிலங்களில் மேல்மண்ணில் பொசுபரசு நிறையச் சேர்ந்திருக்கும். அது அலுமினியத்தைப் பிடித்து வைக்கும், எருவும் அப்படியே. தொல்லை கூடுதலாக வருவது புதிதாக மரக்கறிக்குத் திருப்பிய தேயிலை நிலத்திலும், மேடை வெட்டும்போது அடிமண் மேலே வந்த இடத்திலும், மேல்மண் அரித்துப் போன சரிவிலும்தான்.

அலுமினியத்தோடு சேர்ந்து வரும் இன்னொன்று மங்கனீசு. பயிருக்கு இது கொஞ்சம் தேவை, கூடினால் நஞ்சு. அலுமினியம் முதலில் வேரைத் தாக்கும், மங்கனீசு முதலில் இலையில் காட்டும். போஞ்சியில் முதிர்ந்த இலைகளில் சிறு பழுப்புப் புள்ளிகள் வரும், இளம் இலைகள் சுருங்கி விளிம்பு மஞ்சளாகும். அடைமழையில் மண்ணுக்குள் தண்ணீர் நின்று காற்று குறைந்தால் கரையும் மங்கனீசு இன்னும் கூடும். இதில் தெரிந்திருக்க வேண்டியது, இந்த இரண்டையும் தாங்கும் குணங்கள் வேறு வேறு என்பதுதான். அலுமினியத்தில் நின்ற இனம் மங்கனீசில் விழலாம். ஆகவே வேர்ச் சோதனையில் தேறிவிட்டது என்பதற்காக இலையைப் பார்க்காமல் விடக்கூடாது.

இனத்துக்கு இனம் ஏன் வித்தியாசம்?

பயிருக்குப் பயிர் வித்தியாசம் இருப்பது விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். பீட்ரூட்டும் சலாதும் அமில மண்ணில் சீக்கிரம் சுணங்கும், உருளைக்கிழங்கு சமாளிக்கும். ஆனால் ஒரே பயிருக்குள்ளும் இந்த வித்தியாசம் பெரிதாக இருக்கலாம். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் சாள்ஸ் ஃபோய் என்ற விஞ்ஞானி இதற்காகவே பல வருடங்கள் உழைத்தவர். அவரும் கூட்டாளிகளும் 1972இல் 'டேட்', 'ரொமானோ' என்ற இரண்டு போஞ்சி இனங்களை ஒப்பிட்டு, டேட் அலுமினியத்தைத் தாங்குகிறது, ரொமானோ தாங்கவில்லை என்று காட்டினார்கள்.

ஏன் என்ற விடை 1991இல் வந்தது. டேட் இனத்தின் வேர் சித்திரிக் அமிலத்தை, எலுமிச்சம்பழத்தில் இருக்கிற அதே அமிலத்தை, வெளியே விடுகிறது. அலுமினியம் இருக்கும்போது அது விட்ட அளவு, இல்லாதபோது விட்டதைவிட 70 மடங்கு. ரொமானோ விட்டதைவிட 10 மடங்கு. அந்த அமிலம் வேர் நுனிக்குப் பக்கத்திலேயே அலுமினியத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட அலுமினியத்தால் வேருக்குள் புகுந்து கேடு செய்ய முடிவதில்லை. கோதுமையில் இதே வேலையை மாலிக் அமிலம் செய்கிறது, அதற்கான மரபணுவை 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். செடி தனக்கு வேண்டிய பாதுகாப்பைத் தானே, நுனியில் சில மில்லிமீற்றர் இடத்தில் மட்டும், செய்துகொள்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

நம்மிடமும் போஞ்சி இனங்களுக்குக் குறைவில்லை. வேட், டொப் க்ரொப், கென்டக்கி வொண்டர், பண்டாரவளை கிரீன், கெப்பட்டிபொல நில் என்று விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்தவையே பல. விதைப் பொதியில் முளைதிறன் இருக்கும், காலாவதித் திகதி இருக்கும். பீ.எச் 4.6 மண்ணில் அதன் வேர் என்ன செய்யும் என்று இருக்காது.

ஒவ்வோர் இனத்தையும் அதோடேயே ஒப்பிடுங்கள்

சோதனை என்றதும் பலர் செய்வது இதுதான்: ஐந்தாறு இனங்களை அமில மண்ணில் போட்டு, எது உயரமாக வளர்ந்ததோ அதுதான் தாங்கும் இனம் என்று முடிவு கட்டுவது. இது பிழை. சில இனங்கள் எந்த மண்ணிலும் வேகமாக வளரும், சில எந்த மண்ணிலும் மெதுவாக வளரும். அமில மண்ணில் மட்டும் பார்த்தால், தாங்கும் குணத்தையும் பிறவி வேகத்தையும் பிரித்தறிய முடியாது.

ஆகவே ஒவ்வோர் இனத்தையும் நஞ்சு உள்ள இடத்திலும் நஞ்சு இல்லாத இடத்திலும் வளர்க்க வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு சதவீதம் வரும். வேர் நீளத்தில் கணக்குப் பார்த்தால் அதைச் சார்பு வேர் நீளம் என்பார்கள். விளங்குவதற்கு ஒரு கற்பனைக் கணக்கு: முதல் இனத்தின் வேர் நல்ல மண்ணில் 12 சென்ரிமீற்றர், அமில மண்ணில் 6. அதாவது 50 சதவீதம். இரண்டாவது இனம் நல்ல மண்ணில் 8, அமில மண்ணில் 6. அதாவது 75 சதவீதம். அமில மண்ணில் மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் சமம். உண்மையில் இரண்டாவதுதான் தாங்குகிறது, முதலாவது பாதி வளர்ச்சியை இழந்திருக்கிறது.

சரி, அப்போது எதை விதைப்பது? இது நல்ல கேள்வி, இதற்கு ஒரே பதில் இல்லை. டொலமைட் (அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்பு வகைக் கல்மாவு) போட்டு மண்ணைத் திருத்தப் போகிறவருக்கு முதலாவது இனம் இலாபம், ஏனென்றால் திருத்திய மண்ணில் அது ஓடும். திருத்த வசதியில்லாத, அடிமண் அமிலமான சரிவு நிலக்காரருக்கு இரண்டாவதை நான் சொல்வேன். புது இனம் உருவாக்குகிறவருக்கோ இரண்டும் வேண்டும்: ஒன்றின் வேகத்தையும் மற்றதன் தாங்கும் குணத்தையும் சேர்க்கத்தான் கலப்புச் செய்கிறார்கள்.

ஆய்வுகூடத்தில் செய்யும் விதம்

ஆய்வுகூடத்தில் மண்ணே இல்லாமல், கரைசலில் வேரைத் தொங்கவிட்டு வளர்ப்பார்கள். கரைசலில் கொஞ்சம் கல்சியம், அளந்து போட்ட அலுமினியம், பீ.எச் 4.5க்குப் பக்கத்தில். பொசுபேற்றைச் சேர்க்க மாட்டார்கள், அல்லது மிகக் குறைவாகச் சேர்ப்பார்கள். சேர்த்தால் அது அலுமினியத்தோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும், பிறகு சோதிக்க நஞ்சு மிஞ்சாது. பீ.எச்சையும் தினம் பார்க்க வேண்டும், கொஞ்சம் ஏறினாலும் அலுமினியத்தின் வீரியம் போய்விடும். ஒப்பீட்டுக் கரைசலும் அதே 4.5இல் இருக்க வேண்டும், அலுமினியம் மட்டும் இருக்கக் கூடாது. அமிலமே வேரைத் தாக்கக் கூடியது என்பதால், இப்படிச் செய்தால்தான் எது அமிலத்தின் வேலை, எது அலுமினியத்தின் வேலை என்று தெரியும்.

இன்னும் விரைவான வழி சாயம் போடுவது. ஹெமடொக்சிலின் என்ற மரச்சாயத்தில் வேர் நுனியை ஊறவைத்துக் கழுவினால், அலுமினியம் புகுந்த இடம் ஊதாவாகும். தாங்கும் இனத்தின் நுனி வெளிறியே இருக்கும். செடியைக் கொல்லாமல் பார்க்கலாம் என்பதால் பிடித்த நாற்றைத் திரும்ப நட்டு விதை எடுக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடிய விதம்

கரைசலும் சாயமும் எல்லோருக்கும் கிடைக்காது. மண்ணும் வெற்றுப் போத்தலும் கிடைக்கும். இனங்களை முதல் தடவை பிரித்துப் பார்க்க இந்த முறை நன்றாகவே போதும்.

தொல்லை தரும் பாத்தியின் மண்ணை எடுத்துச் சலித்து, இரண்டு வாளியில் சரிபாதியாகப் போடுங்கள். ஒரு வாளியில் கிலோ மண்ணுக்கு 2 அல்லது 3 கிராம் வீதம் மாவாக அரைத்த டொலமைட்டைக் கலக்குங்கள். இரண்டையும் ஒரே அளவு ஈரமாக்கி, மூடி, மூன்று நான்கு கிழமை வையுங்கள். டொலமைட் மெதுவாகத்தான் வேலை செய்யும். டொலமைட் போடாத வாளியையும் அதே மாதிரி ஈரமாக்கி மூடி வைக்க மறக்க வேண்டாம், இரண்டுக்கும் டொலமைட்டைத் தவிர வேறு வித்தியாசம் இருக்கக் கூடாது. முடிவில் இரண்டின் பீ.எச்சையும் அளந்து எழுதுங்கள். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் எங்கே அளக்கலாம் என்று வழி சொல்வார்.

ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் கழுத்தை வெட்டி, அடியில் துளை போட்டு, மண்ணை நிரப்புங்கள். யோகட் கோப்பை இதற்குச் சரிவராது, சில நாளில் வேர் அடியில் முட்டிவிடும், பிறகு அளப்பதில் அர்த்தம் இல்லை. வெளிச்சம் படாமல் போத்தலைச் சுற்றிக் கடதாசி கட்டுங்கள். விதைகளை ஈரத்துணியில் முளைக்கவைத்து, வேர் ஒரு சென்ரிமீற்றர் வந்தவற்றை மட்டும் பொறுக்கி நடுங்கள். முளைப்பில் உள்ள வித்தியாசம் கணக்கில் கலக்காமல் இருக்கத்தான் இந்தப் பொறுக்கல். ஓர் இனத்துக்கு ஒவ்வொரு மண்ணிலும் ஐந்து போத்தலாவது வேண்டும். போத்தல்களைக் கலைத்து வையுங்கள், ஓர் இனம் முழுவதும் யன்னல் பக்கமும் மற்றது மூலையிலும் இருந்தால் வெயிலைத்தான் சோதித்தவர்களாவோம்.

ஐந்தாறு நாளில், நுவரெலியாக் குளிரில் என்றால் இன்னும் இரண்டு நாள் கூட்டி, போத்தலை நீளவாக்கில் வெட்டித் திறந்து, வேரை அலசி, மிக நீண்ட வேரை அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்றால், முதல் கிழமையில் நாற்று விதைக்குள் இருந்த சாப்பாட்டில்தான் வளர்கிறது. பொசுபரசுக் குறைபாடு இன்னும் தலையிடாது, வேரில் தெரிவது பெரும்பாலும் நச்சின் வேலை மட்டும். பெரிய விதைக்குச் சேமிப்பும் அதிகம், பழைய விதைக்கு வீரியம் குறைவு. அதனால் ஒரே வருட விதை, கூடியவரை ஒரே பருமன் என்று பார்த்து எடுங்கள்.

வயலில்

போத்தலில் தேறிய இரண்டு மூன்று இனங்களை அப்புறம் நிலத்தில் போட வேண்டும், ஏனென்றால் சந்தைக்குப் போவது காய், வேர் இல்லை. டொலமைட் போட்ட பட்டி, போடாத பட்டி என்று பிரித்து, எல்லா இனங்களும் இரண்டிலும் வர வேண்டும். மலைச்சரிவில் இதற்கு ஒரு தனிக் கவனம் தேவை. மேல்மண்ணும் பசளையும் மழையோடு கீழே இறங்குவதால் சரிவின் அடியில் உள்ள பாத்தி எப்போதும் கொழுப்பாக இருக்கும். ஓர் இனத்தை மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் போட்டால் கீழே இருப்பதுதான் வெல்லும். ஆகவே சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில், எல்லா இனங்களும் அடங்கிய ஒரு தொகுதி. அதே மாதிரி இன்னும் இரண்டு மூன்று தொகுதி வேறு உயரங்களில். பெரும்போகத்தில் ஒரு தடவை, சிறுபோகத்தில் ஒரு தடவை பார்த்தால் நல்லது.

மங்கனீசைச் சோதிக்கும்போது இரண்டு பொறிகள் உண்டு. சாடிச் சோதனைக்கு மண்ணை நீராவியில் சூடாக்கிச் சுத்தம் செய்வது வழக்கம், அந்தச் சூடே மங்கனீசைக் கரையவைத்து, இல்லாத நச்சை உண்டாக்கிவிடும். மற்றது மன்கோசெப். உருளைக்கிழங்குக்கு நாம் அடிக்கும் அந்தப் பூஞ்சண மருந்திலேயே மங்கனீசு இருக்கிறது. அது பட்ட இலையை ஆய்வுக்கு அனுப்பினால் அறிக்கையில் மங்கனீசு எகிறித் தெரியும், மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் இராது.

டொலமைட் இருக்கும்போது இனம் எதற்கு?

டொலமைட்டைப் போடுவதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது. மாத்தளை, திகனப் பக்கம் நாட்டிலேயே கிடைக்கும் பொருள், கல்சியமும் மக்னீசியமும் இரண்டும் தருகிறது. ஆனால் அது மண்ணுக்குள் மெதுவாகத்தான் இறங்கும், மண்வெட்டி போன ஆழத்துக்குக் கீழே அமிலம் அப்படியே இருக்கும். தாங்காத இனத்தின் வேர் அந்த எல்லையில் திரும்பிவிடும். மாசி பங்குனி வெயிலில் மேல்மண் காய்ந்ததும் செடி வாடுவது இதனால்தான், கீழே ஈரம் இருந்தாலும் அதற்கு எட்டாது. தாங்கும் இனத்தின் வேர் கீழே போகும்.

இன்னொரு சங்கடம் பயிர்ச் சுழற்சியில். உருளைக்கிழங்குக்காரர்கள் பீ.எச்சை உயர்த்தத் தயங்குவார்கள், உயர்ந்தால் கிழங்கில் சொறி நோய் கூடும். அதே நிலத்தில் அடுத்துக் கோவா போட்டால், அமிலம் கூடிய மண்ணில், கோவா வேர் வீங்கிக் கட்டியாகும் வேர்முடிச்சு நோய் பரவும். இருவருக்கும் பொதுவாக நடுவில் ஒரு பீ.எச்சில் நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த நடு அளவில் சுழற்சிக்கு வரும் போஞ்சி தாங்கும் இனமாக இருந்தால் வேலை சுலபம்.

கடைசியாக விதை. போஞ்சிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டும், அதனால் தேறிய இனத்தின் விதையை வீட்டிலேயே எடுத்து வைக்கலாம். கலப்பினக் கோவா விதையில் இது நடக்காது, அடுத்த தலைமுறை சிதறிவிடும். கடையில் வாங்கிய தூய போஞ்சி இனத்துக்குள் செடிக்குச் செடி வித்தியாசம் குறைவு, அதில் பொறுக்கி எடுத்துப் பெரிதாக முன்னேற முடியாது. கைமாறிக் கைமாறி வந்த கலப்பான நாட்டு விதை உங்களிடம் இருந்தால் கதை வேறு. அதை நிலத்தின் மிக மோசமான மூலையில், டொலமைட் போடாமல், விதையுங்கள். அங்கேயும் கம்பேறிக் காய்த்த செடிகளுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்து, காயைப் பறிக்காமல் செடியிலேயே உலரவிடுங்கள். இலையில் தேமல் விழுந்த செடியையும், காயில் கருங்குழி விழுந்த செடியையும் விட்டுவிடுங்கள், அந்த நோய்கள் விதையோடு வரக்கூடியவை. ஒவ்வொரு செடியின் விதையையும் தனிப் பொதியில் போட்டு, எந்த மூலை, என்ன பீ.எச், எந்த வருடம் என்று எழுதி, அடுத்த போகத்துக்கு முன் அந்தப் பொதிகளையே போத்தல் சோதனைக்கு எடுங்கள்.